கணக்கில் இருந்த காற்று

நாள் 131, காலை 05:10

உச்சி நிலையம், நிலவின் தென்துருவம். எழுதுவது ஆவுடைநாயகம், வாயுப் பிரிவு. நேரம் எல்லாம் இந்திய நேரம்.

நிலையத்தின் உள் அழுத்தம் சரி. தண்ணீர்த் தொட்டி 412 லிட்டர். சூரியத் தகடுகள் முழு வெளிச்சத்தில். கீழ்க்குடில் ஆக்சிஜன் பெட்டியின் வெப்பநிலை மைனஸ் 45. கீழ்க்குடில் ஆக்சிஜன் 135 பார். நாள் 129 அன்று நேரில் பார்த்தது.

பிற்பாடு இந்த நோட்டைப் புரட்டுகிறவருக்கு ஒரு விளக்கம். நாங்கள் இருப்பது பெரிய பள்ளம் ஒன்றின் விளிம்பில். இங்கே அநேகமாக எப்போதும் வெயில். பள்ளத்தின் அடியில் வெயில் பட்டுப் பல கோடி வருடம் ஆகிறது. பனிக்கட்டி அங்கேதான் இருக்கிறது. துளைக்கருவியும், ஆள் ஒதுங்க ஒரு சின்னக் குடிலும் அங்கே உண்டு. குடிலுக்கு மின்சாரமும் பேச்சும் எங்களிடமிருந்து கம்பி வழியாகப் போகின்றன. அங்கே உருளைகளில் ஆக்சிஜன். பார் என்பது வாயு அழுத்தத்தின் அளவு; 135 பார் என்றால் ஓர் ஆளுக்கு நாற்பத்தெட்டு மணி நேரம். அந்தக் குளிரில் மின்னணு மானிகள் பிழைப்பதில்லை என்பதால் பழைய மாதிரி முள் மீட்டர்தான் வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை நான் இறங்கிப் போய் அதைப் பார்த்து எழுதவேண்டும்.

இன்று ஜெசிந்தா துளைபோட இறங்குகிறாள். தூத்துக்குடிக்காரி, முப்பத்து நான்கு வயது, துளைக்கருவி அவள் பொறுப்பு. இந்த நிலையத்தில் மொத்தமே நாங்கள் இரண்டு பேர். கிளம்புமுன் என் 135க்குக் கீழே "ஜெ" என்று கையெழுத்துப் போட்டாள். ஒருவர் பார்த்து எழுதியதை மற்றவர் திரும்பக் கேட்பதில்லை. இங்கே அது ஒரு மரியாதை.

ஏழாம் வகுப்புக்கான ஒளிபரப்புப் பாடம் தயார். தலைப்பு, பருப்பொருளின் நிலைகள். திடப்பொருளுக்குத் தனக்கென்று உருவம் உண்டு. திரவம் பாத்திரத்தின் உருவத்தை எடுக்கும், ஆனால் அளவு மாறாது. வாயுவுக்கு உருவமும் கிடையாது, அளவும் கிடையாது, இருக்கிற இடம் முழுக்க நிரம்பும். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கேள்வி வந்திருந்தது: கண்ணுக்கே தெரியாத வாயு எவ்வளவு இருக்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்? மூடிய உருளையில் வெப்பநிலை தெரிந்தால் அழுத்தத்தைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம், எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம் என்று பதில் பதிவு செய்திருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது.

நாள் 131, காலை 08:10

ஜெசிந்தாவிடமிருந்து, கம்பி வழியாக:

"அண்ணாச்சி, வந்து சேந்துட்டேன். வண்டிதான் குடில் வாசல்ல வந்து மக்கர் பண்ணுது. முன் சக்கரம் சுத்த மாட்டேங்கு, எண்ணெ இறுகிட்டு போல. அது கெடக்கட்டும், உருளைப் பெட்டி ஹீட்டர் கம்பியச் சுத்தி வச்சா மூணு மணி நேரத்துல இளகிரும். இன்னொன்னு, ஆக்சிஜன் மீட்டர் பதினெட்டு காட்டுது. முந்தாநாள் நீங்க பாத்தப்ப நூத்தி முப்பத்தஞ்சுலா இருந்துச்சு? முள்ளு குளிர்ல ஒட்டிக்கிட்டா?"

என் பதில்:

"ஒட்டியிருக்கும். லேசா தட்டிப் பாரு."

அவள்:

"தட்டிட்டேன், அசையல. சரி, நீங்க பாத்தாச்சுல்லா, அது போதும். நாப்பத்தெட்டு மணி நேரம் இருக்கு. சக்கரத்த சாயங்காலமாப் பாத்துக்கிடுதேன். மொதல்ல தொளைய முடிக்கேன்."

நாள் 131, காலை 08:30

முள் ஒட்டியிருக்கலாம். நடக்காத காரியம் இல்லை.

நாள் 131, காலை 09:40

கணக்கை மறுபடி போட்டேன். உருளையை நிரப்பியபோது மைனஸ் 20, 150 பார். இப்போது மைனஸ் 45. வாயு குளிர்ந்தால் அழுத்தம் குறையும், 150 என்பது 135 ஆகும். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. மூன்று முறை போட்டும் அதே 135.

18 வருவதற்கு ஒரே வழிதான். உள்ளே இருந்தது வெளியே போயிருக்க வேண்டும். அதைப் பற்றி என் கணக்குக்கு எதுவும் தெரியாது. உள்ளே இருக்கும் வாயுவின் அளவு மாறவில்லை என்று முதல் வரியிலேயே நான் வைத்துக்கொண்டுவிட்டேன்.

நாள் 109, 110இல் சூரியன் தூரத்து மலைக்குப் பின்னால் போய்விட்டான். மின்சாரம் குறைந்தது, பெட்டியின் வெப்பநிலை மைனஸ் 72 வரை இறங்கியது. உருளை வாயில் இருக்கும் ரப்பர் வளையம் மைனஸ் 55 வரைதான் தாங்கும் என்று கையேட்டில் இருக்கிறது. அதற்குக் கீழே ரப்பர் ரப்பராக இருக்காது, கண்ணாடி மாதிரி இறுகிவிடும். எந்த உருவத்தில் சுருங்கி இறுகியதோ அந்த உருவத்திலேயே நின்றிருந்தால், ஓரத்தில் ஒரு மயிரிழை இடைவெளி போதும். இருபத்தொரு நாள் கசிந்திருக்கிறது.

அன்றைக்கே இது எனக்குத் தோன்றியது. கையேட்டில் எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் போடுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

நாள் 131, காலை 11:00

நான்கு தடவை பேசும் பொத்தானில் கை வைத்து எடுத்துவிட்டேன். ஐந்தாவது தடவை பொத்தானை அழுத்தி, "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

"நல்லாப் போகுது அண்ணாச்சி, பனி கல்லு மாதிரி கெடக்கு, மூச்சு வாங்குது" என்றாள்.

மூச்சு வாங்குகிறதாம். அதைக் கேட்டுவிட்டும் சும்மா இருந்தேன். சீ.

நாள் 131, மதியம் 12:10

ஜெசிந்தாவிடமிருந்து:

"அண்ணாச்சி, நான் போட்டிருக்க சூட்டுல காத்து நெறைய மாட்டேங்குது. குழாய மாட்டி அஞ்சு நிமிசமாச்சு. சூட்டு பதினாறுல நிக்குது. குடில் மீட்டரும் பதினாறு காட்டுது. ரெண்டும் ஒண்ணுபோலக் காட்டுது அண்ணாச்சி. அப்ப முள்ளு ஒட்டல, என்ன?"

வாயு அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் ஓடும். இரண்டு பக்கமும் சமமானதும் நின்றுவிடும். நான் சொல்லாததைக் குழாய் சொல்லிவிட்டது.

நாள் 131, மதியம் 12:35

பேசியதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லைக்கூடப் பூசி மெழுகக் கூடாது.

நான்: "ஜெசிந்தா, மீட்டர் சரியாத்தான் காட்டுது. நான்தான் அதப் பாக்கல. மூணு வாரமா கீழ எறங்கவே இல்ல. வெப்பநிலைய வச்சு கணக்குப் போட்டு எழுதுனேன்."

அவள்: "வண்டிய எடுத்துட்டுப் போனியளே?"

நான்: "நிழல் தொடங்குற எடம் வரைக்கும்தான் போனேன்."

அவள்: "ஏன் அண்ணாச்சி?"

நான்: "பயமா இருந்துச்சு."

 

அவள்: "எங்கிட்ட சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்லா."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தாங்கியிருக்கும். இதைச் சொல்லிவிட்டு உடனே வேலையைப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அவள்: "சரி, எத்தன மணி வரைக்கும் தாங்கும்னு சொல்லுங்க."

எட்டு பாருக்குக் கீழே போனால் உருளையின் வாய் திறக்காது. ஆக, குடிலில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவள் போட்டிருக்கும் விண்வெளிச் சூட்டில் ஒரு மணி நேரம். மாலை 16:10 வரை. நான் கிளம்ப ஏற்பாடு செய்ய அரை மணி நேரம், ஏழு கிலோமீட்டர் நடக்க மூன்று மணி நேரம். வேறு வண்டி கிடையாது.

அவள்: "அப்ப நீங்க வாங்க. நான் ஹீட்டர் கம்பியச் சக்கரத்துல கட்டிட்டு வந்து அசையாமப் படுத்துக்கிடுதேன். உருளைக்கு இனிமே ஹீட்டர் எதுக்கு?"

காலை எட்டு மணிக்கே நான் வாயைத் திறந்திருந்தால், அப்போதே கம்பியைக் கட்டியிருப்பாள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் மேலே வந்திருப்பாள். முள் ஒட்டியிருக்கும் என்று சொன்னேன், அவளும் நிம்மதியாகத் துளைபோடப் போனாள். நாலு மணி நேரத்தை அவளிடமிருந்து நான் திருடிக்கொண்டேன்.

நாள் 131, மதியம் 13:00

சூட்டுக்குள் போகுமுன் கடைசியாக. நான் திரும்பாவிட்டால் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

நாள் 115, 122, 129. மூன்று நாளும் "நேரில் பார்த்தது" என்று எழுதியிருக்கிறேன். மூன்றும் பொய். நிழல் எல்லையில் ஒரு பாறை இருக்கிறது. வண்டியை அதன் வெயில் பக்கம் நிறுத்திவிட்டு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகளுக்கான பாடத்தை அங்கே உட்கார்ந்துதான் எழுதினேன். போய்வரும் நேரம் ஆனதும் திரும்பிவிடுவேன். ஜெசிந்தா சாப்பாட்டைச் சூடாக்கி வைத்திருப்பாள். "பாவம், களச்சுப் போயிட்டிய" என்பாள். நானும் களைத்தவன் மாதிரி உட்கார்ந்து சாப்பிடுவேன்.

நாள் 108இல் கீழே போனபோது தலைவிளக்கு இரண்டு நிமிடம் அணைந்துபோனது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். கையை முகத்துக்கு முன்னால் ஆட்டினேன், கை இல்லை. நான் அலறினேன். தலைக்கவசத்துக்குள் என் அலறலை நானே கேட்டேன். விளக்கு தானாக வந்தது. அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. நாற்பத்தொன்பது வயது ஆம்பளை, முனைவர் பட்டம் வாங்கியவன், இருட்டுக்குப் பயப்படுகிறான் என்று எந்த வாயால் சொல்வது? பயப்பட்டது தப்பில்லை. பயத்தை மறைக்க எண்ணை எழுதினேன் பாருங்கள், அதுதான் தப்பு.

கிளம்புகிறேன்.

நாள் 131, மாலை 19:00

உயிரோடு இருக்கிறாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நடந்தது. சறுக்குப்பலகையில் ஆக்சிஜன் உருளையைக் கட்டி இழுத்துக்கொண்டு 13:05க்குக் கிளம்பினேன். நிழல் எல்லையில் அந்தப் பாறை. அதைத் தாண்டி ஒரு காலை வைத்தேன், முட்டிக்குக் கீழே கால் இருட்டில் காணாமல் போனது. பின்வாங்கிவிட்டேன். உட்கார்ந்துவிட்டேன். அவள் அங்கே மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறாள், நான் வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன். கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் எனக்குத் தெரியும். பதினொரு நிமிடம்.

பிறகு எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. தைரியம் வந்து எழவில்லை. உட்கார்ந்திருப்பதற்கே கூசியது, அவ்வளவுதான்.

குடிலுக்குள் நுழைந்தபோது 16:17. ஜெசிந்தா சுவரோரம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதடு நீலம். கூப்பிட்டதற்குப் பதிலில்லை. முகமூடியை வைத்து உருளையைத் திறந்தேன். நான்கு நிமிடம் கழித்து இருமினாள். கண் திறக்கவில்லை.

அவள் பக்கத்தில் ஒரு காகிதம் கிடந்தது. மீட்டர் எண்கள். 13:00, 15. 13:30, 13. 14:00, 12. அரைமணிக்கு ஒருதரம் எழுதியிருக்கிறாள். கடைசி எண்ணில் கை கோணிப்போயிருக்கிறது. ஆனாலும் எண் இருக்கிறது.

வண்டியின் சக்கரம் தொட்டதும் சுழன்றது. அவள் கட்டிவைத்த கம்பி எண்ணெயை இளக்கியிருந்தது. அவளைத் தூக்கி வண்டியில் வைத்தேன், மேலே வந்தோம். நான் கொண்டுபோன உருளை இருவருக்கும் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கியிருக்காது. அந்தச் சக்கரம் சுழலாமல் இருந்திருந்தால் இரண்டு பேரும் அங்கேயே கிடந்திருப்போம். அவளைக் காப்பாற்றப் போனவனை அவள்தான் காப்பாற்றி மேலே அனுப்பினாள்.

இப்போது சிகிச்சைக்கான அழுத்த அறையில் இருக்கிறாள். மூன்று நாள் உள்ளேயே இருக்க வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், ஒலிபெருக்கியில் பேசலாம். தூங்குகிறாள்.

நாள் 132, காலை 07:30

பூமியிலிருந்து, தரைக்கட்டுப்பாட்டு அறை. பணியில் நூர்தீன்:

"சார், டாக்டர் ரிப்போர்ட் பார்த்தாச்சு. மேடம் பொழச்சுட்டாங்க, அதுவே பெரிய விஷயம். ஏழு கிலோமீட்டர் அந்த இருட்டுல ஒத்த ஆளா நடந்து போயிருக்கீங்க. இங்க எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க சார். ஒரு சின்ன விவரம் மட்டும் வேணும். நாள் 129ல 135 பார் இருந்திருக்கு. 131ல மேடத்துக்குக் காத்து வரல. நடுவுல என்ன ஆயிருக்கும்?"

பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நிலவிலிருந்து பூமிக்குக் குரல் போக ஒன்றரை விநாடிதான் என்றாலும், யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

நான்: "வால்வு குளிர்ல அடைச்சுக்கிட்டிருக்கும்."

நூர்தீன்: "அப்போ உருளைக்குள்ள ஆக்சிஜன் இருக்கு, வெளிய வரலை. மீட்டர் பதினெட்டு காட்டுச்சுன்னு நேத்து சொன்னீங்களே?"

நான்: "முள்ளு ஒட்டியிருக்கும்."

நூர்தீன்: "129ல நேர்ல பார்த்ததுதானே சார் அந்த 135?"

நான்: "ஆமா."

நாள் 132, காலை 07:50

இப்படி நினைத்துக்கொண்டேன். அவள் பிழைத்துவிட்டாள். குடிலுக்கு இனி யாரும் போகப்போவதில்லை. அடுத்த மாதம் வரும் கலத்தில் ரப்பர் வளையங்களை நானே ஒரு காரணம் சொல்லி மாற்றிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. கைதட்டியவர்களுக்கு இன்றைக்கே போய் முகத்தில் கரி பூச வேண்டுமா?

எழுதிப் பார்த்தால் எவ்வளவு கேவலமாக இருக்கிறது. மனசுக்குள் ஓடும்போது இது நியாயம் மாதிரிதான் இருந்தது.

நாள் 132, காலை 10:20

விழித்துவிட்டாள். அழுத்த அறையிலிருந்து, ஒலிபெருக்கியில்:

"அண்ணாச்சி."

"சொல்லும்மா."

"தல வலிக்கி. வேற ஒண்ணும் இல்ல. கண்ட்ரோலுக்குச் சொல்லிட்டியளா? நீங்க பாக்காம எழுதுனத?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றம் சாட்டும் பார்வை இல்லை. உப்பு தீர்ந்துவிட்டதா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

"நல்ல வேள. திட்டுனாங்களா?"

"கொஞ்சம்."

"கெடக்கட்டும். திட்டு வாங்குனா வாங்கிட்டுப் போறோம். சொன்னியள்லா, அது போதும். எனக்கு ஒங்கமேல கோவம் இருக்கு அண்ணாச்சி, இல்லன்னு சொல்லல. ஆனா சொல்லிட்டியள்லா."

திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள். நான் சமையல் பகுதிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதுவிட்டு முகம் கழுவினேன். கண்ட்ரோலைக் கூப்பிடவில்லை.

நாள் 132, மாலை 17:00

நிலைய அழுத்தம் சரி. தண்ணீர்த் தொட்டி 406 லிட்டர். இரண்டையும் எழுந்து போய்ப் பார்த்து எழுதினேன். இதற்கெல்லாம் மட்டும் இப்போது நாணயம் பொங்குகிறது.

ஜெசிந்தா இரண்டு கரண்டி கஞ்சி குடித்தாள். சிரித்துப் பேசினாள். நான் அவள் கண்ணைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நாளைக் காலை சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். காலையில் முதல் வேலை.

நாள் 133, காலை 06:20

நான் பேசத் தொடங்குமுன் நூர்தீன் பேசினார்:

"குட் மார்னிங் சார். ஒரு நல்ல செய்தி. நேத்து நீங்க சொன்னத வச்சு ராத்திரியே கூட்டம் போட்டுட்டோம். உங்க மூணு வார ரீடிங் எல்லாம் கணக்கோட அச்சு அசலா ஒத்துப்போகுது சார், ஒரு புள்ளி பிசகல. அதனால ரப்பர் வளையம் மைனஸ் எழுபத்திரண்டையும் தாங்குதுன்னு முடிவாயிடுச்சு. மேற்குக் குடில்லயும் அதே உருளை, அதே வளையம். அங்கயும் அந்த ரெண்டு நாள் வெப்பநிலை மைனஸ் எழுபதுக்குக் கீழ போச்சு, அதனாலதான் இத்தன நாள் யாரையும் இறக்காம வச்சிருந்தோம். இப்ப அனுமதி குடுத்தாச்சு. வால்வுதான் பிரச்சினைங்கறதால புது வால்வு ரெண்டு எடுத்துக்கச் சொன்னோம். முள் மீட்டரை நம்ப வேண்டாம், அது ஒட்டிக்கும்னும் சொல்லியாச்சு."

மேற்கு நிலையம் எங்களிடமிருந்து அறுபது கிலோமீட்டர். அங்கேயும் இரண்டே பேர்தான். பத்மாசினி, லூர்து. பத்மாசினியோடு ஒரு வருடம் பயிற்சியில் இருந்திருக்கிறேன்.

நான் சொன்னேன். நின்றுகொண்டு சொன்னேன்.

"நூர்தீன், அவங்கள இறங்க விடாதீங்க. அந்த 135 நான் பாத்தது இல்ல. மூணு வாரமும் நான் கீழ போகல. கணக்குப் போட்டு எழுதுனேன், அதான் ஒத்துப்போகுது. வால்வு அடைக்கல. முள்ளு ஒட்டல. வளையம் விட்டுப்போயிடுச்சு, உருளை காலி. பதினெட்டுதான் உண்மை. மேற்கும் காலியாத்தான் இருக்கும். நிறுத்துங்க."

ஒன்றரை விநாடி போக, ஒன்றரை விநாடி வர. 

நூர்தீன்: "சார்... அவங்க காலைல நாலு மணிக்கே இறங்கிட்டாங்க சார்."

நாள் 133, காலை 06:45

மேற்குக் குடிலுக்குக் கம்பி இணைப்பு கிடையாது. பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் வானொலி எடுக்காது. மாலை ஆறு மணிக்கு அவர்களாக விளிம்புக்கு ஏறி வந்து பேசினால்தான் உண்டு.

நான் போகிறேன் என்றேன். எங்கள் வண்டியில் மின்சாரம் ஒன்பது சதவீதம். அறுபது கிலோமீட்டர் போக இருபத்திரண்டு மணி நேரம் ஏற்ற வேண்டும். நூர்தீன் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார். அவர் பின்னால் ஓடும் காலடிச் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம். அவர் குரலில் இப்போது சார் இல்லை.

நேற்றுக் காலை ஏழரைக்கு "ஆமா" என்றேன். அப்போது இவர்கள் இறங்கியிருக்கவில்லை. நேற்றுப் பகல் முழுக்க இறங்கியிருக்கவில்லை. நான் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது இறங்கியிருக்கவில்லை. கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோதும்...

நாள் 133, காலை 07:05

பேசும்போது அழுத்த அறையின் ஒலிபெருக்கி திறந்தே இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

ஜெசிந்தாவிடமிருந்து:

"நேத்தே சொல்லிட்டேன்னியளே, அண்ணாச்சி."



நாள் 133, பகல் 12:00

லூர்து பெரிய உடம்புக்காரன், வேகமாக மூச்சு விடுவான். அவர்கள் சூட்டில் ஆறு மணி நேரம். கடினமாக வேலை செய்தால் நான்கு. குடிலில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கணக்குப் போடக் கை போகிறது. போடமாட்டேன்.

மீட்டர் குறைவாகக் காட்டினால் பத்மாசினி சந்தேகப்படுவாள், திரும்பிவிடுவாள் என்று முதலில் நினைத்தேன். மாட்டாள். நம்பாதே என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறது. சொன்னது நான்.

நாள் 133, மாலை 18:00

ஆறு மணி. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாள் 133, மாலை 18:15

இல்லை.

நாள் 133, மாலை 18:40

தரையிலிருந்து நூர்தீன்: "மேற்கு நிலையம், மேற்கு நிலையம், கேக்குதா? பத்மாசினி மேடம், கேக்குதா?" நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார். கரகரப்புதான் வருகிறது. நானும் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் அவர் கூப்பிடுவதை நிறுத்தி, நான் முடிக்கும்வரை காத்திருந்து, மறுபடி தொடங்கினார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

நாள் 133, மாலை 19:10

மேற்கிலிருந்து எதுவும் இல்லை.

ஜெசிந்தா ஒலிபெருக்கியைத் தன் பக்கத்திலிருந்து நிறுத்திவிட்டாள். கண்ணாடி வழியாகப் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், விழித்துத்தான் இருக்கிறாள்.